பதினோரு வருட வெந்நீர்

லுனன்பர்க் மேட்டில், மூடுபனி ஏறிவரும் தெருவில்
ஒரே வீடு, இரண்டு அழைப்புமணி.
கீழே வெர்னா. மேலே அவிஸ்.
கூடப் பிறந்தவர்கள்.
பொதுவில் ஒரே ஒரு வெந்நீர்த் தொட்டி.

இருவரும் தனித்தனியே கூப்பிட்டார்கள்.
"மணிக்கணக்காய்க் குளிக்கிறாள்" என்றது கீழ்வீடு.
"பாத்திரம் கழுவியே காலி செய்கிறாள்" என்றது மேல்வீடு.
நான் குழாய் வேலை செய்பவள்.
என் பெட்டியில் திருகுசாவி உண்டு,
தராசு கிடையாது.

நிலவறைக்கு இறங்கினேன்.
கல்சுவர். முட்டைக்கோஸ் புளிக்கும் ஜாடி.
இணையைத் தொலைத்த பனிச்சறுக்குக் கட்டை.
மூலையில் தொட்டி,
அதன் காலடியில் நீண்டு கிடந்தது துருவின் நாக்கு.
படிக்கட்டுக் கைப்பிடியில் ஓர் அட்டை,
கிழமைவாரியாக:
வெ. அ. வெ. அ. வெ. அ.
ஞாயிறு மட்டும்
அடித்து எழுதி, அடித்து எழுதி,
தாளே ஓட்டையாகியிருந்தது.

வடிகுழாயைத் திறந்தேன்.
கொஞ்சம் நீர். பிறகு ஓர் இருமல்.
பிறகு ஒன்றுமில்லை.
கம்பி விட்டுக் குடைந்ததும்
காப்பித்தூள் நிறத்தில் கிணற்றுமண்
ஒரு வாளி, இன்னொரு வாளி,
நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
மண்ணுக்குள் புதையுண்ட கீழ்ச்சுருள்
எப்போதோ கருகிப்போயிருந்தது.
குளிர்நீரை அடிக்கு இறக்கும் குழல்
கழுத்தோடு ஒடிந்து கிடந்தது.
வந்த குளிர் வந்த வேகத்திலேயே
குளியலறைக்குப் போயிருக்கிறது,
விருந்தாளி போல, எதையும் தொடாமல்.

துரு தின்னட்டும் என்றே
தொட்டிக்குள் தொங்கவிடும் தண்டு ஒன்று உண்டு.
அது இருக்கும்வரை இரும்பு பிழைக்கும்.
உருவிப் பார்த்தேன்:
நடுநரம்பு மட்டும் மிச்சம்.

அதைக் கொண்டுபோய்
வெர்னாவின் மேசையில், செய்தித்தாள்மேல் வைத்தேன்.
அவிஸும் இறங்கி வந்தார்.
"நீங்கள் இருவருமே இல்லை" என்றேன்.
கெண்டி கொதித்து அடங்கியது.
"அப்போ, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்?"
"அவையும்தான்."

பிறகு விலைகளை விரித்தேன்.
வழக்கமான தொட்டி: வாங்க மலிவு,
மாதாமாதம் கட்டணத்தில் கடிக்கும்.
தொட்டியே இல்லாதது: சுவரில் அடங்கும்,
இந்த வீட்டு மின்பெட்டிக்கு அடங்காது.
மூன்றாவது, ஹீட் பம்ப்.
தானாகச் சூட்டை உண்டாக்காது.
அறைக்காற்றில் இருப்பதைப் பிழிந்து
தண்ணீருக்குக் கொடுக்கும்.
மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும்.

"இந்தப் பாழறையிலா சூடு?" சிரித்தார் வெர்னா.
குளிர் என்று நாம் சொல்வதிலும்
எடுக்கக் கொஞ்சம் இருக்கும் என்றேன்.
விற்கிறவள் பேச்சுதான், ஆனால் பொய்யில்லை.
அறை இன்னும் குளிரும் என்றும் எச்சரித்தேன்.
"கோஸுக்கு நல்லது" என்றார் அவிஸ்.
வெர்னா மறுக்கவில்லை.
அதுதான் ஆர்டர்.

வியாழன் காலை நானும் ரெமியும்
பக்கக் கதவைக் கழற்றி இறக்கினோம்.
தரையில் எங்கும் மட்டம் இல்லை;
பலகைத் துண்டு ஒன்று, மேலே இன்னொன்று,
குமிழி நடுவுக்கு வரும்வரை.
காற்றிலிருந்து வடியும் ஈரம் போக
வடிகால் இல்லை அங்கே.
வசந்தத்தில் தோண்டித் தருகிறேன்,
அதுவரை வாளி என்றேன்.
இரண்டு காசோலை தந்தார்கள்.
கூட வந்த ஒற்றைக் காசு யாருடையது என்று
கால்மணி நேரம்.

மூன்று வாரத்தில் மறுபடியும் இரண்டு அழைப்பு.
"என் கட்டிலுக்கடியில் முனகுகிறது" என்றார் வெர்னா.
"எனக்குச் சத்தமே கேட்கவில்லை,
ஓடுகிறதென்று எப்படி நம்புவது?" என்றார் அவிஸ்.
கால்களுக்கு ரப்பர் வைத்தேன்.
அவிஸைக் கீழே கூட்டிவந்து கேட்க வைத்தேன்.

கிளம்பும்போது பார்த்தேன்,
கைப்பிடியில் அதே அட்டை,
மறுபக்கம் திருப்பி மாட்டியிருந்தது.
மேலே "வாளி" என்று தலைப்பு.
வெ. அ. வெ. அ. வெ. அ.
ஞாயிற்றுக்கு நேரே
இரண்டு எழுத்தும் இருந்தன.
எதையும் யாரும் இன்னும் அடிக்கவில்லை.